கைராசிக்கு விலை பேசுகிறார்கள்

கொல்லிமலையில் ஒரு கூலித் தொழிலாளிக்குப் பல் வலி வந்தால் என்ன நடக்கிறது? முதல் நாள் கிராம்பை வைத்துக் கடித்துக்கொள்கிறார். இரண்டாம் நாள் உப்புத் தண்ணீர் கொப்பளிக்கிறார். மூன்றாம் நாள் கன்னம் வீங்கி, கஞ்சிகூட இறங்காமல் போன பிறகுதான் பஸ் ஏறுகிறார். காரவள்ளி அடிவாரம் வரை 70 கொண்டை ஊசி வளைவுகள். அதற்கப்புறம் சேந்தமங்கலமோ நாமக்கல்லோ போய், ஒரு பல் வைத்தியரின் வாசலில் காத்திருந்து, திரும்ப மலை ஏறும்போது பொழுது சாய்ந்திருக்கும். ஒரு நாள் கூலி போனது போனதுதான்.

எந்த வைத்தியரிடம் போகிறார்? போர்டில் எழுதியிருக்கும் பட்டத்தைப் பார்த்துப் போவதில்லை. "அவர் கைராசிக்காரர். காசு குறைந்தால் அடுத்த சந்தைக்கு வரும்போது கொடு என்பார்" என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதைக் கேட்டுப் போகிறார். இருபது முப்பது வருஷமாக ஒரே தெருவில் உட்கார்ந்து சம்பாதித்த பெயர் அது.

அந்த வைத்தியர் ஒரு நாள் தன் க்ளினிக்கை, ஊர் ஊராகக் கிளைகள் திறக்கும் ஒரு கம்பெனிக்கு விற்றுவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அல்லது, பட்டம் வாங்கிய ஒரு இளம் வைத்தியர் சொந்தமாக நாற்காலி போட வழியில்லாமல் அந்தக் கம்பெனியில் வேலைக்குச் சேருகிறார். இது வைத்தியருக்கும் கம்பெனிக்கும் உள்ள விவகாரம். மில் தொழிலாளிக்கும் விவசாயக் கூலிக்கும் இதில் என்ன வந்தது என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். வந்தது நிறைய. அந்த ஒப்பந்தத்தில் வைத்தியர் போடும் கையெழுத்து, நம் வாய்க்குள் எந்தக் கருவி எப்போது நுழையும் என்பதையும் சேர்த்தே தீர்மானிக்கிறது.

முதலில் அந்த இளம் வைத்தியரைக் குறை சொல்வதை நிறுத்துவோம். சென்னையில் சர்க்கார் பல் மருத்துவக் கல்லூரி 1953-ல் தொடங்கியது. சர்க்கார் புதிதாகக் கட்டிய புதுக்கோட்டைக் கல்லூரி திறக்கப்பட்டது 2023-ல். நடுவில் 70 வருஷம்! இந்த இடைவெளியில் முளைத்தவை தனியார் கல்லூரிகள். இன்று நாடு முழுவதும் 300-க்கு மேற்பட்ட பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன, பெரும்பாலானவை தனியாருடையவை. கடன் வாங்கிப் படித்து வெளியே வரும் பிள்ளைக்கு நாற்காலி, எக்ஸ்ரே, கருவிகளைக் கொதிக்கவைத்துச் சுத்தம் செய்யும் இயந்திரம், வாடகை முன்பணம் எல்லாவற்றுக்கும் மறுபடி கடன். சர்க்கார் வேலை கிடைப்பது அரிது. மிச்சம் இருப்பது கம்பெனியின் கதவு. தறி வாங்கக் காசில்லாத நெசவாளி மில்லுக்குள் போன கதைதான் இது.

ஆனால் இந்தக் கதவு சட்டப்படித் திறந்திருக்கிறதா? இங்கேதான் அநேகருக்குத் தெரியாத ஒரு சங்கதி இருக்கிறது.

பல் வைத்தியர்கள் சட்டம் என்பது 1948-ஆம் வருஷத்தின் 16-ஆவது சட்டம். அதன் 51-ஆவது பிரிவு, கம்பெனியோ வேறு கூட்டு ஸ்தாபனமோ பல் வைத்தியத் தொழிலை நடத்தக்கூடாது என்று பச்சையாகச் சொன்னது. விலக்குகள் உண்டு. பல் வைத்தியத்தையும் அதைச் சார்ந்த வேலையையும் தவிர வேறு வியாபாரமே இல்லாத கம்பெனியாக இருந்து, அதன் டைரக்டர்களில் பெரும்பான்மையோரும், வைத்தியம் செய்கிற அத்தனை பேரும் பதிவு பெற்ற பல் வைத்தியர்களாக இருந்தால் அது நடத்தலாம். ஒரு முதலாளி தன் தொழிலாளிகளுக்கு லாப நோக்கமின்றிப் பதிவு பெற்ற வைத்தியரைக்கொண்டு பல் வைத்தியம் செய்து கொடுக்கலாம். மில் டிஸ்பென்சரியை மனத்தில் வைத்து எழுதிய விலக்கு இது.

இந்த வாசகம் வானத்திலிருந்து விழவில்லை. பிரிட்டனில் 1921-ல் வந்த பல் வைத்தியர் சட்டத்தின் அச்சு இது. துணிக்கடைக்காரனும் மளிகைக் கம்பெனியும் பல் பிடுங்கும் கடை திறக்கக்கூடாது, வைத்தியம் யார் கையில் இருக்கிறதோ அவர் கையிலேயே பொறுப்பும் இருக்கவேண்டும் என்பதுதான் அதன் உட்கருத்து. பிரிட்டனில் இந்தக் கட்டுகளை 2006-ல் தளர்த்தினார்கள். அதற்குப்பின் அங்கே பெரிய பெரிய சங்கிலிக் கம்பெனிகள் க்ளினிக்குகளை வாங்கிக் குவித்தன.

நம் சட்டத்தில் தண்டனை என்ன தெரியுமா? 51-ஐ மீறிய கம்பெனிக்கு முதல் தடவை 500 ரூபாய் வரை அபராதம். மறுபடி செய்தால் 1000 ரூபாய் வரை! இன்றைக்கு ஒரு பல்லின் வேர் சிகிச்சைக்கே அதைப்போலப் பல மடங்கு வாங்குகிறார்கள். வேலிக்குப் பதில் நூல் கட்டியது போல.

நூலையும் தாண்ட வேண்டிய அவசியமில்லை, குனிந்து போகலாம். "நாங்கள் வைத்தியம் செய்யவில்லை. கட்டடம் எங்களுடையது, நாற்காலி எங்களுடையது, பெயர்ப் பலகை எங்களுடையது, பில் போடுவது எங்கள் கம்ப்யூட்டர். வைத்தியம் செய்வது மட்டும் பதிவு பெற்ற டாக்டர்" என்று ஒரு நிர்வாக ஒப்பந்தம் எழுதிக்கொண்டால் தீர்ந்தது. அமெரிக்காவில் பல மாநிலங்களில் பல் வைத்தியர் அல்லாதவர் க்ளினிக்கின் சொந்தக்காரராக இருக்கமுடியாது. அங்கே நிர்வாக சேவைக் கம்பெனி என்ற பெயரில் நடப்பது இதுவே. இதன் பலன் என்னவென்று உலகம் பார்த்தது. ஃபோர்பா என்ற கம்பெனி, ஸ்மால் ஸ்மைல்ஸ் என்ற பெயரில் ஏழைக் குழந்தைகளுக்கான க்ளினிக்குகளை நிர்வகித்தது. தேவையில்லாத சிகிச்சைகளைப் பிஞ்சுப் பற்களில் செய்து சர்க்கார் வைத்திய உதவித் திட்டத்தில் பணம் வாங்கினார்கள் என்று அமெரிக்க நீதித்துறை குற்றம்சாட்டியது. 2010-ல் அந்தக் கம்பெனி 2 கோடியே 40 லட்சம் டாலர் கட்டி வழக்கைச் சமரசம் செய்துகொண்டது. கையில் கருவி பிடித்தவர்கள் வைத்தியர்கள். எத்தனை பல் என்று கணக்குக் கேட்கிற அதிகாரம் வேறிடத்தில் இருந்தது.

இனி, கையெழுத்துப் போடப் போகும் வைத்தியருக்கும், அவரைத் தெரிந்த நமக்கும் சில விஷயங்கள்.

கம்பெனியில் வேலைக்குச் சேருவது வேறு; க்ளினிக்கை விற்பது வேறு. இரண்டுக்கும் சட்டம் இரண்டு விதமாகப் பேசுகிறது. 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆவது பிரிவு, ஒருவர் தன் தொழிலைச் செய்யவிடாமல் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது என்கிறது. ஆகவே, வேலைக்குச் சேர்ந்த வைத்தியர் வெளியேறிய பிறகு "இரண்டு வருஷம் இந்த ஊரில் வைத்தியம் செய்யக்கூடாது" என்று கம்பெனி எழுதி வாங்கியிருந்தாலும், அந்த ஷரத்து நிற்பது கடினம். கிரிக்கெட் வீரர் ஜாகீர் கானை ஒரு விளம்பரக் கம்பெனி ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகும் கட்டிப்போடப் பார்த்தது. 2006-ல் உச்ச நீதிமன்றம் அதை ஒப்புக்கொள்ளவில்லை. ஒப்பந்தம் முடிந்தபின் நீளும் தடை செல்லாது என்றது. பந்து வீசுபவருக்கு உள்ள நியாயம் பல் பிடுங்குபவருக்கும் உண்டு.

ஆனால் இதை மட்டும் நம்பி எதிலும் கையெழுத்துப் போட்டுவிடக்கூடாது. வேலையில் இருக்கும் காலத்துக்குள் விதிக்கும் தடை செல்லும். குறிப்பிட்ட காலம் முடியுமுன் விலகினால் இத்தனை ரூபாய் கட்டவேண்டும் என்ற பாண்டு வேறு சங்கதி. விஜயா பாங்க் வழக்கில் 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், மூன்று வருஷத்துக்குள் வேலையை விட்டால் 2 லட்சம் ரூபாய் என்ற ஷரத்தைச் செல்லும் என்று சொல்லிவிட்டது. அது பொதுத்துறை பாங்கின் அதிகாரியைப் பற்றிய வழக்கு. ஆள் எடுப்பதில் அந்தப் பாங்குக்கு ஆகும் செலவையும் சிரமத்தையும் கணக்கில் எடுத்தார்கள். எல்லா முதலாளியும் எந்தத் தொகையையும் எழுதிக்கொள்ளலாம் என்று அதற்கு அர்த்தமில்லை. நியாயமான நஷ்டஈட்டுக்கு மேல் கிடையாது என்பது ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆவது பிரிவு. ஆனால் அதை நிரூபிக்கக் கோர்ட் வாசலில் நிற்கப்போவது வைத்தியர்.

விற்கிறவரின் கதி இன்னும் கடினம். 27-ஆவது பிரிவில் ஒரே ஒரு விலக்குதான் உண்டு. தொழிலின் குட்வில்லை, அதாவது நாம் கைராசி என்று சொல்கிறோமே அந்தப் பெயர் மதிப்பை, ஒருவர் விற்றால், வாங்கியவர் அந்தத் தொழிலை நடத்தும் வரையில், குறிப்பிட்ட எல்லைக்குள் தான் அதே தொழிலைச் செய்வதில்லை என்று விற்றவர் ஒப்புக்கொள்ளலாம். எல்லை நியாயமானது என்று கோர்ட் கருதினால் அது செல்லும். இதைக் கொல்லிமலைக் கண்ணால் பாருங்கள். சேந்தமங்கலத்தைச் சுற்றி இத்தனை மைல் என்று எழுதினால், அடிவாரம் முழுவதும் அந்த வட்டத்துக்குள் வந்துவிடும். வைத்தியர் விற்றபின் இரண்டு வருஷம் கம்பெனியின் சம்பளத்தில் இருப்பார். பிறகு மனம் ஒவ்வாமல் விலகுவார். விலகினால் தன் ஊரில் நாற்காலி போட முடியாது. வளப்பூர் நாட்டிலிருந்தும் அரியூர் நாட்டிலிருந்தும் இறங்கி வரும் ஜனங்களுக்குத் தெரிந்த முகம் போய்விடும். அந்தப் பலகைக்குக் கீழே புதுப்புது முகங்கள் வந்து போகும். கம்பெனி வேறு ஊர் லாபம் என்று கிளையை மூடினால் அதுவும் இல்லை. ஆகவே விற்கிறவர் பேரம் பேசவேண்டியது விலையை மட்டும் அல்ல. மைலையும் வருஷத்தையும் பேசவேண்டும். கம்பெனி கிளையை மூடினாலோ, பாக்கி தராவிட்டாலோ தடை அன்றோடு தீர்ந்தது என்று எழுதி வாங்கவேண்டும்.

பாக்கி என்றோம். விலை முழுவதையும் ஒரே நாளில் எண்ணிக் கொடுப்பார்கள் என்று யாரும் நினைக்கவேண்டாம். ஒரு பங்கு கையில். மீதி, அடுத்த சில வருஷங்களில் வருமானம் இந்த அளவைத் தொட்டால் என்பது இவ்வகை ஒப்பந்தங்களில் வழக்கமான ஏற்பாடு. கொல்லிமலையில் மரவள்ளி போட்ட விவசாயிக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கிழங்கை லாரியில் ஏற்றி அனுப்புகிறோம். மாவுச்சத்து எத்தனை பாயின்ட் என்று பார்ப்பது ஜவ்வரிசி ஆலை. விலையும் அந்தப் பாயின்ட்படி. அளவுகோல் வாங்குகிறவன் கையில் இருந்தால் விற்கிறவனுக்கு என்ன கிடைக்கும்? அதேபோலத்தான் இங்கும். செலவை எதில் எழுதுவது, விளம்பரப் பணத்தை எந்தக் கிளையின் தலையில் கட்டுவது, எல்லாம் கம்பெனிக் கணக்கப்பிள்ளையின் பேனாவில் இருக்கிறது. கணக்குப் புத்தகத்தைப் பார்க்கவும், வெளி ஆடிட்டரை வைத்துச் சரிபார்க்கவும் உரிமை இல்லாத பாக்கி, பாக்கியே அல்ல.

கம்பெனி முழுகினால்? வேறெங்கும் போகவேண்டாம், நம் திருச்சியையே எடுத்துக்கொள்வோம். அங்கே கிளம்பிய வாசன் நிறுவனம் கண் மருத்துவமனைகளை ஊர் ஊராகத் திறந்தது. பல் மருத்துவமனைகளையும் திறந்தது. சிங்கப்பூர் சர்க்காரின் முதலீட்டு நிறுவனம் உட்பட வெளிநாட்டு மூலதனம் அதில் இறங்கியது. 2017-ல் வாசன் ஹெல்த் கேர் திவால் தீர்வு நடவடிக்கைக்குள் போனது. 2023-ல்தான் ஏஎஸ்ஜி என்ற கண் மருத்துவமனைக் கம்பெனி அதை எடுத்துக்கொள்ளும் திட்டம் தீர்ப்பாயத்தில் அங்கீகாரம் பெற்றது. ஆறு வருஷம்! இப்படி முழுகும் கம்பெனி கலைக்கப்பட்டால் யாருக்கு முதலில் பணம் என்று 2016-ஆம் வருஷத்துத் திவால் சட்டம் 53-ஆவது பிரிவில் வரிசை போட்டிருக்கிறது. நடவடிக்கைச் செலவுக்கு அடுத்தபடி, தொழிலாளிகளின் 24 மாதச் சம்பள பாக்கியும், அடமானம் வைத்துக் கடன் கொடுத்த பாங்குகளும் ஒரே படியில். பிறகு மற்ற ஊழியர்களின் 12 மாதச் சம்பளம். "கன்சல்டன்ட்" என்று கௌரவமாக எழுதிக்கொண்டு, மாதாமாதம் பில் கொடுத்துப் பணம் வாங்கிய வைத்தியர் எங்கே? ஊழியரும் அல்ல, அடமானக்காரரும் அல்ல. வரிசையின் கடைசிப் பக்கத்தில், பஞ்சு சப்ளை செய்தவனோடும் மருந்து சப்ளை செய்தவனோடும் நிற்கிறார். பாதி விலை வரவேண்டியிருந்த க்ளினிக் சொந்தக்காரரும் அங்கேயே. சம்பளக்காரர் என்று எழுதுவதைச் சிலர் கௌரவக் குறைவாக நினைக்கிறார்கள். கஷ்டம் வந்தால் அந்த "கௌரவக் குறைவு"தான் சோறு போடும்.

இன்னொன்றையும் வைத்தியர்கள் மறக்கக்கூடாது. பதிவு அவர்கள் பெயரில் இருக்கிறது. தவறு நடந்தால் பதிவேட்டிலிருந்து பெயர் அடிக்கப்படுவது வைத்தியருக்கு. கம்பெனிக்கு அடிப்பதற்குப் பெயரே அங்கு இல்லை. நோயாளியை அனுப்பியதற்குக் கமிஷன் கொடுப்பதும் வாங்குவதும் பல் வைத்தியர்களின் 2014 நடத்தை விதிகள்படி குற்றம். கம்பெனி அதை "ஊக்கத்தொகை" என்று கூப்பிடலாம், "டார்கெட்" என்று கூப்பிடலாம். மில்லில் பீஸ் ரேட் என்றால் நூல் அதிகமாக ஓடும். கெடுவது தொழிலாளியின் உடம்பு. வைத்தியத்தில் பீஸ் ரேட் என்றால் கெடுவது அடுத்தவன் பல். சிகிச்சை வேண்டுமா வேண்டாமா என்ற முடிவு வைத்தியருடையது மட்டுமே, அதற்காகச் சம்பளமோ வேலையோ பாதிக்கப்படாது என்று ஒரு ஷரத்து எழுதி வாங்க வைத்தியருக்கு உரிமை உண்டு. அதை எழுத மறுக்கும் கம்பெனியின் யோக்கியதை அப்போதே தெரிந்துவிடும்.

நோயாளியின் பக்கத்துக்கு வருவோம். ஸ்பெயினில் ஐடென்டல் என்ற கம்பெனி மலிவு விலைப் பல் வைத்தியம் என்று விளம்பரம் செய்து, ஜனங்களைக் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடவைத்து, 2018-ல் க்ளினிக்குகளைப் பூட்டிக்கொண்டு போய்விட்டது. ஆயிரக்கணக்கானோர் பாதி வைத்த பல்லோடும் முழுக் கடனோடும் தெருவில் நின்றார்கள். இங்கும் தவணையில் பல் கட்டுவது வந்துவிட்டது. தவணைக் கடிதத்தில் கையெழுத்துக் கேட்டால், அது எந்தக் கடன் கம்பெனியின் பெயரில், சிகிச்சை நின்றால் தவணையும் நிற்குமா என்று கேளுங்கள். பில்லும் எக்ஸ்ரேயும் கேட்டு வாங்குங்கள். கட்டணம் வாங்கிச் செய்யும் வைத்தியம் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-ல் தீர்ப்பளித்திருக்கிறது. "அவர் எங்கள் ஊழியர் அல்ல, வந்து போகும் டாக்டர்" என்று மருத்துவமனை கைகழுவ முடியாது என்று 2004-ல் சொல்லியிருக்கிறது. நாமக்கல்லிலேயே ஜில்லா நுகர்வோர் கமிஷன் இருக்கிறது. கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு வருஷத்துக்குள் போடவேண்டும். ஆனால் பில் இல்லாதவன் பேச்சு அங்கே எடுபடாது.

எல்லோரும் மறந்துவிடும் ஒருத்தி அந்த க்ளினிக்கில் இருக்கிறாள். கருவிகளைக் கழுவி, டோக்கன் கொடுத்து, ரத்தம் துடைத்து, பத்து வருஷமாக நிற்கும் உதவியாளர் பெண். வைத்தியருக்கு விலை, கம்பெனிக்கு க்ளினிக், இவளுக்கு? மில் கைமாறிய போதெல்லாம் நம் சங்கங்கள் எடுத்துக் காட்டிய பிரிவு தொழில் தகராறு சட்டத்தின் 25-எஃப்எஃப். 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த தொழில் உறவுத் தொகுப்புச் சட்டத்திலும் அந்த ஏற்பாடு இருக்கிறது. நிறுவனம் கைமாறினால், ஒரு வருஷத்துக்குக் குறையாமல் தொடர்ந்து வேலை செய்த தொழிலாளிக்கு நோட்டீஸும் ஆட்குறைப்பு நஷ்டஈடும் உண்டு. புதிய முதலாளி பழைய சர்வீஸை முறிக்காமல், சம்பளம் குறைக்காமல், பின்னால் ஆட்குறைப்பு வந்தால் பழைய வருஷங்களையும் சேர்த்துத் தருவதாக ஏற்றால்தான் அந்தப் பொறுப்பு நீங்கும். மருத்துவமனையும் தொழில்தான் என்று 1978-ல் உச்ச நீதிமன்றத்தின் பெரிய பெஞ்ச் தீர்த்தது. இதிலிருந்து நழுவ "க்ளினிக்கை வாங்கவில்லை, நாற்காலியையும் எக்ஸ்ரேயையும்தான் வாங்கினோம்" என்று பத்திரம் எழுதுவார்கள். ஆனால் கூடவே கைராசியையும் வாங்கி, பழைய வைத்தியருக்கு மைல் கணக்கில் தடையும் போட்டிருந்தால், வாங்கியது நாற்காலி மட்டும்தானா? அந்தப் பெண் தொழிலாளர் அதிகாரி முன்னால் கேட்கவேண்டிய கேள்வி இது. அவளோடு போய் நின்று கேட்கவேண்டியது சங்கம்.

1948 சட்டத்தின் இடத்தில் வைப்பதற்காக நாடாளுமன்றம் 2023-ல் தேசியப் பல் மருத்துவ ஆணையச் சட்டத்தை நிறைவேற்றியது. அந்தச் சட்டத்தின் கீழ் எழுதும் விதிகளில், கம்பெனி பல் வைத்தியம் நடத்தக்கூடாது என்ற 51-ஆவது பிரிவின் தடை ஓட்டையின்றி இடம்பெறவேண்டும் என்று கோருகிறோம். 500 ரூபாய் அபராதம் என்ற கேலிக்கூத்து வேண்டாம். வருமானத்தில் பங்காக அபராதம் போடட்டும். நிர்வாக ஒப்பந்தங்களை மாநிலப் பல் மருத்துவக் கவுன்சிலில் தாக்கல் செய்யும்படி செய்யட்டும். தனியாக உட்கார்ந்து தொழில் செய்யும் வைத்தியருக்குக் கூட்டுறவு பாங்கில் குறைந்த வட்டிக்குக் கடன் கொடுத்தால், கம்பெனியின் வாசலில் நிற்கும் கூட்டம் பாதியாகும்.

அதுவரையில் மலை ஜனங்கள் என்ன செய்வது? சோளக்காடு சந்தை நாளில், பல் நாற்காலி ஏற்றிய ஒரு சர்க்கார் வண்டி மலைமேல் வந்து நின்றால், 70 வளைவு இறங்கும் செலவு மிஞ்சும். மலைமேல் நாடுகளின் ஊராட்சிகள் அனைத்தும் இதைத் தீர்மானமாக எழுதி ஜில்லா கலெக்டருக்கு அனுப்பலாம். கிராம சபைக்கு வரும் தோழர்கள் போன மாதம் பல் வலிக்காக மலை இறங்கியவர் எத்தனை பேர், அவர்களுக்கு எத்தனை நாள் கூலி போயிற்று என்று ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டு வரட்டும்.